ஃப்ளேவனாய்டு மாத்திரை டப்பா 1,850 ரூபாய்: அத்தைக்கு வாங்கலாமா?

தக்காளிக்காரி (பாலக்கோடு பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை. தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி, மேட்டுல கொஞ்சம் ராகி, கொள்ளு. வீட்டுக்காரர் விடியக்காலையில ராயக்கோட்டை மண்டிக்கு தக்காளிப் பெட்டி (கிரேடு) ஏத்திட்டுப் போயிடுவார். அவர் இல்லாத நேரமா பார்த்து போன வெள்ளிக்கிழமை அவரோட சித்தப்பா மகன் வந்தார். நல்ல மனுஷன்தான், முன்னாடி மோட்டார் மெக்கானிக்கா இருந்தார். இப்போ டை கட்டிக்கிட்டு, பை நிறைய டப்பா. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு டப்பாவை அத்தை கையில வெச்சிட்டார். 60 மாத்திரை, 1,850 ரூபாய், சொந்தக்காரங்கன்றதால 1,600.

அவர் சொன்னது இதான்: நம்ம ஜில்லா தண்ணியில ஃப்ளோரைடு, அதனால உடம்பெல்லாம் உள்ளுக்குள்ள துரு பிடிச்சிருக்கு. இந்த மாத்திரையில ஃப்ளேவனாய்டு இருக்கு, ஆன்டிஆக்ஸிடன்ட், அந்தத் துருவை எடுத்திடும். முட்டி வலி போகும், பி.பி. இறங்கும், ஹார்ட் அடைப்பு திரும்ப வராது. அவரே மெக்கானிக்கா இருந்ததால துருன்னு சொன்னதும் அத்தை அப்படியே நம்பிட்டாங்க.

அத்தைக்கு 64 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி சேலத்துல ஸ்டென்ட் வெச்சோம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, பி.பி. மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரைன்னு தினம் போடறாங்க. டப்பா பின்னாடி இருக்கறத எழுதறேன்: குவர்செட்டின் 500 மி.கி., சிட்ரஸ் பயோஃப்ளேவனாய்டு, க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், திராட்சை விதை எக்ஸ்ட்ராக்ட். முன்பக்கம் மாம்பழம், மஞ்சள், செண்டுமல்லிப் பூ படம். எங்க தோட்டத்து வரப்புல இருக்கற செண்டுமல்லியே டப்பா மேல இருக்குன்னு என் பொண்ணு சிரிக்கிறா.

அவளுக்கும் ஒண்ணு கொடுக்கலாம்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கார். ஒன்பதாவது படிக்கிறா. ஸ்கூல் கேம்ப்ல ரத்தம் பார்த்ததுல ஹீமோகுளோபின் 9.4 தான் இருக்கு. வாரம் ஒரு நீல மாத்திரை தர்றாங்க. ராகி களி, கீரை, கொள்ளு ரசம் எல்லாம் நல்லா சாப்பிடுற பொண்ணுதான், ஏன் ரத்தம் ஏறலன்னு எனக்கு அதுவே புரியல.

பணம் இன்னும் கொடுக்கல. ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார். தக்காளி கிரேடு 150 ரூபாய்க்குப் போற நேரத்துல 1,600 ரூபாய்ன்னா எங்களுக்கு எத்தனை கிரேடுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. நல்லதுன்னா எப்படியாவது வாங்கிடுவேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர் ஷிப்ட்காரன்

அக்கா, சொந்தக்காரன் டை கட்டிக்கிட்டு வந்தா கதவைச் சாத்திடணும். எங்க லைன்ல பாதிப் பேர் இப்படித்தான் டப்பா அடுக்கி வெச்சிருக்கான், விக்கவும் முடியல, முழுங்கவும் முடியல.

பென்னாகரம் வாத்தியார்

அம்மா, நான் 31 வருஷம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு இதே மாதிரி ஒரு டப்பாவை என் பழைய மாணவன் ஒருவனிடம் வாங்கி ஏமாந்தவனும்கூட. 'சார், நீங்களே சொல்லிக் கொடுத்ததுதானே சார்' என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிவிட்டேன். அதனால் உங்கள் அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் டப்பா மேல் இருக்கும் படத்தைப் பார்ப்போம். ஃப்ளேவனாய்டு என்ற பெயர் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் மஞ்சளாக இருப்பதையெல்லாம் அச்சடித்துவிட்டார்கள் போல. செண்டுமல்லியின் மஞ்சள் பெரும்பாலும் லூட்டின், அது கரோட்டினாய்டு என்ற வேறு வகை. மாம்பழச் சதையின் மஞ்சளும் கரோட்டினாய்டுதான். மஞ்சள் கிழங்கில் இருப்பது குர்குமின், அதுவும் ஃப்ளேவனாய்டு இல்லை. மூன்று படம், மூன்றும் தப்பு. என் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். உங்கள் தக்காளியின் சிவப்பும் லைகோபீன் என்ற கரோட்டினாய்டுதான், ஆனால் அதன் தோலில் கொஞ்சம் ஃப்ளேவனாய்டு உண்டு. கத்தரிக்காயின் ஊதா, நாவல்பழம் தின்ற நாக்கில் ஒட்டும் கறை, சங்குப்பூவின் நீலம், இவைதான் ஃப்ளேவனாய்டு குடும்பத்துப் பிள்ளைகள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு அரை மூடி எலுமிச்சை பிழிந்து உங்கள் பெண்ணிடம் காட்டுங்கள். நீலம் ஊதாவாகும். ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோன வருஷங்களில் இந்தப் பூவை வைத்துத்தான் அமிலம், காரம் சொல்லிக் கொடுத்தேன்.

ஃப்ளேவனாய்டு மூலக்கூறின் கூடு இதுதான்: இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறுகோண வளையம், நடுவில் மூன்று கார்பன், மொத்தம் 15 கார்பன். இந்தக் கூட்டின் மேல் அங்கங்கே வேறு வேறு அணுக்களைத் தொங்கவிட்டு செடிகள் ஆயிரக்கணக்கான வகைகளைச் செய்துகொள்கின்றன. அவை நமக்காகச் செய்பவை அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க, பூச்சியை விரட்ட, தேனீயை அழைக்க. கொள்ளு, அவரை மாதிரியான பயறுகளின் வேர் இதையே மண்ணில் கசியவிட்டுத்தான் தழைச்சத்து பிடித்துத் தரும் பாக்டீரியாவைக் கூப்பிடுகிறது. கொள்ளுச் செடியைப் பிடுங்கினால் வேரில் குண்டுமணி குண்டுமணியாக முடிச்சு இருக்குமே, அது இந்த அழைப்புக்கு வந்த விருந்தாளிகளின் வீடு.

இனி அந்தத் 'துரு' விஷயம். உங்கள் டப்பாவில் முதலில் எழுதியிருக்கும் குவர்செட்டின் ஒரு ஃப்ளேவனாய்டு. சோதனைக்குழாயில் அதைப் போட்டால் ஆக்ஸிஜனேற்றத்தை அபாரமாகத் தடுக்கும், அது உண்மை. உடம்பு சோதனைக்குழாய் இல்லை. நாம் தின்னும் ஃப்ளேவனாய்டில் கொஞ்சம்தான் குடல் தாண்டும். தாண்டியதையும் குடலும் கல்லீரலும் ஏதோ வேண்டாத விருந்தாளி வந்த மாதிரி வேறு மூலக்கூறோடு கட்டி சீக்கிரம் வெளியே அனுப்பிவிடும். ரத்தத்தில் அது நிற்கும் அளவை ஒரு பங்கு என்று வைத்தால் வைட்டமின் சி சுமார் 50 பங்கு, யூரிக் அமிலம் 300 பங்கு இருக்கிறது. இந்த இரண்டுமே ஆன்டிஆக்ஸிடன்ட்தான். முந்நூறு பேர் பந்தி பரிமாறும் கல்யாணத்தில் ஒரு ஆள் கூடுதலாக வாளி தூக்கினால் என்ன தெரியப்போகிறது? அமெரிக்க வேளாண் துறை எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் வலிமை என்று ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தது. சோதனைக்குழாய் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று 2012இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் எல்லாம் பொய்யா என்றால், இல்லை. 1993இல் நெதர்லாந்தின் சுட்ஃபென் ஊரில் 65 முதல் 84 வயது வரையான 805 ஆண்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. ஃப்ளேவனாய்டு அதிகமாகச் சாப்பிட்டவர்கள் இதய நோயால் சாவது, குறைவாகச் சாப்பிட்டவர்களில் பாதியளவுக்கும் கீழே இருந்தது. அவர்களுக்கு அது எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? 61 சதவீதம் டீ, 13 சதவீதம் வெங்காயம், 10 சதவீதம் ஆப்பிள். மாத்திரையே இல்லை. ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தும், அந்த வேலைக்கு சில ஃப்ளேவனாய்டுகள் ஒத்தாசை செய்கின்றன என்பதுதான் இப்போது பேசப்படும் காரணம். துரு எடுப்பது இல்லை, குழாயைக் கொஞ்சம் இளக்குவது.

அதைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்தார்கள். 2022இல் அமெரிக்காவில் 21,442 பேரை வைத்து கோகோ சோதனை முடிவு வந்தது. தினம் 500 மி.கி. கோகோ ஃப்ளேவனால் (ஃப்ளேவனாய்டில் ஒரு வகை), சராசரியாக மூன்றரை வருஷத்துக்கு மேல். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து எண்ணியதில் உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. இதய நோய்ச் சாவை மட்டும் தனியாக எண்ணியபோது 27 சதவீதம் குறைவு. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் சோதனையின் முதல் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று வந்ததை டப்பா விற்பவர் சொல்ல மாட்டார்.

1936இல் ஹங்கேரியின் செண்ட்-ஜோர்ஜி (வைட்டமின் சி கண்டுபிடித்தவர், 1937இல் நோபல் வாங்கியவர்) ஃப்ளேவனாய்டுகளுக்கு 'வைட்டமின் பி' அல்ல, ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவதாக வரும் எழுத்தைப் போட்டு ஒரு வைட்டமின் பெயரே வைத்தார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் இந்தக் குழப்பம் வரும். அப்புறம் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். வைட்டமின் என்றால் இல்லாவிட்டால் ஒரு நோய் வரவேண்டும். ஃப்ளேவனாய்டு இல்லாததால் வந்த நோய் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை.

இப்போது அளவு. 100 கிராம் சிவப்பு வெங்காயத்தில் குவர்செட்டின் சுமார் 20 முதல் 40 மி.கி. உங்கள் டப்பாவில் ஒரு மாத்திரைக்கு 500. அதாவது ஒன்றேகால் கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வெங்காயத்தை ஒரே வாயில் போடுவது. சாப்பாட்டில் வரும்போது நல்லதாக இருப்பது இந்த அளவில் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. 1994இல் பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. காய்கறி தின்பவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்பதால் அதிலிருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்று 18 சதவீதம் கூடியது. அது ஃப்ளேவனாய்டு இல்லை, ஆனாலும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை என்றதும் எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வரும்.

க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் என் சொந்த அனுபவம். மாணவன் கொடுத்த டப்பாவில் அதுதான் முதல் சரக்கு. இரண்டு மாதம் போட்டேன். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண் மும்மடங்கு. குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் என் மனைவி எதிரிலேயே கேட்டார். நிறுத்திய ஆறு வாரத்தில் இறங்கியது. பிறகுதான் தேடிப் படித்தேன். க்ரீன் டீயின் முக்கிய ஃப்ளேவனாய்டான ஈ.ஜி.சி.ஜி. என்ற கேட்டச்சினை மாத்திரையாக நாளைக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தால் கல்லீரல் பாதிப்புக்கு அடையாளம் தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் சொல்லியிருக்கிறது. டம்ளரில் குடிக்கிற டீயில் அந்தப் பயம் இல்லை. என் டப்பாவில் எத்தனை மி.கி. என்று எழுதவே இல்லை. உங்கள் டப்பாவிலும் குவர்செட்டினுக்கு மட்டும்தானே எண் போட்டிருக்கிறது? நன்றாகப் பாருங்கள்.

கடைசியாக ஃப்ளோரைடு. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. என் வகுப்பில் பல்லில் காவிக்கறை இல்லாத பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். முதுகு வளைந்த பெரியவர்களை என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மருந்து தண்ணீரை மாற்றுவதுதான். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் திறந்தார்கள். எலிகளுக்கு ஃப்ளோரைடும் ஃப்ளேவனாய்டும் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகள் நிறைய உண்டு, எலிகள் பாவம். மனிதர்களிடம் பார்த்த ஒன்று சொல்லவேண்டுமென்றால் நம்ம ஊர்ச் சரக்கான புளி. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பையன்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர் வழியே ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியது, 2002இல் வெளியிட்டார்கள். புளிக்குழம்பு ஃப்ளோரோசிஸை (ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோயை) குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. தர்மபுரி புளியை விட்டுவிட்டு எங்கிருந்தோ வந்த டப்பாவை ஏன் நம்புகிறோம் என்றுதான் கேட்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையா குடிக்கிறீர்கள், ஒகேனக்கல் தண்ணீரா?

தக்காளிக்காரி (பாலக்கோடு பக்கம்)

ஐயா, ரொம்ப நன்றி. ரெண்டு தடவை படிச்சேன், அத்தைக்கும் படிச்சுக் காட்டினேன். கல்யாணப் பந்திக் கதையில சிரிச்சிட்டாங்க. டப்பாவுல மி.கி. எண்ணைப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே குவர்செட்டினுக்கு மட்டும்தான் இருக்கு, மத்ததெல்லாம் மொத்தமா ஒரே வரியில போட்டிருக்காங்க.

குடிக்க ஒகேனக்கல் தண்ணிதான். ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது. பத்தாத நாள்ல சமையலுக்கு போர் தண்ணி. டீயும் அதுலதான். பொண்ணு காலையில களி சாப்பிட்ட கையோட ஒரு டம்ளர் டீ குடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுவா. ராகியிலயும் இந்த ஃப்ளேவனாய்டு இருக்கா?

கிராம செவிலி

தக்காளிக்காரி, அந்தக் கடைசி வரியை எழுதினீங்க பாருங்க, அதுக்குத்தான் நான் லாகின் பண்ணினேன். நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துல 17 வருஷமா இருக்கேன். 9.4ன்னு நீங்க எழுதினப்பவே டீயைப் பத்திக் கேக்கணும்னு இருந்தேன்.

ராகியில இருக்கு. அந்தக் கறுஞ்சிவப்புத் தோல்லதான் அத்தனையும். அரிசி மாதிரி ராகியைத் தீட்ட முடியாது, மணி சின்னது, தோல் உள்ள இருக்கற மாவோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால தோலோடதான் அரைக்கிறோம். சுகர்காரங்களுக்கு அது நல்லதுதான். ஆனா அதே பொருள்தான் இரும்பைக் கெட்டியா பிடிச்சுக்கும். ராகியில 100 கிராமுக்கு நாலரை மி.கி. கிட்ட இரும்பு இருக்கு, உடம்புல சேர்றது அதுல துளி. போதாததுக்கு மேல டீ ஊத்தறோம். டீயில இருக்கறதும் இதே சாதிதான். சாப்பாட்டோட டீ குடிச்சா செடியிலேருந்து வர்ற இரும்புல பாதிக்கு மேல சேராமப் போயிடும். உங்க பொண்ணுக்கு ஃப்ளேவனாய்டு பத்தாம இல்ல, அவளுக்கு அது தப்பான நேரத்துல போகுது.

டீயை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் எங்க வீட்லயே கேக்க மாட்டாங்க. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கணும். 2017ல ஒரு ஆய்வுல, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சாலே அந்தத் தடை நல்லாக் குறைஞ்சிருக்கு. காலையில பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னா எழுந்ததும் டீ, ஒரு மணி நேரம் கழிச்சு களி, அப்படி மாத்துங்க. கீரை கடைஞ்சு இறக்கினப்புறம் எலுமிச்சை பிழியுங்க, வைட்டமின் சி கூட இருந்தா இரும்பு நல்லாச் சேரும், அடுப்பு மேல இருக்கறப்ப பிழிஞ்சா அது போயிடும். கொய்யா, நெல்லிக்காய் ஏதோ ஒண்ணு சாப்பாட்டோடயே கொடுங்க. ராகியை ஊற வெச்சு முளைகட்டி, காய வெச்சு அரைச்சா இரும்பைப் பிடிக்கிற சமாச்சாரம் கொஞ்சம் குறையும். நீல மாத்திரையை டீயோடயோ பாலோடயோ போடக் கூடாது. மாசம் ஒரு தடவை எத்தனை நாள் போகுது, எப்படிப் போகுதுன்னும் அவகிட்ட கேளுங்க, பொண்ணுங்க தானா சொல்ல மாட்டாங்க. 9.4ன்னா வாரம் ஒரு மாத்திரை போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, தினசரி மாத்திரையும் பூச்சி மாத்திரையும் தருவாங்க.

அத்தை விஷயத்துல வாத்தியார் ஐயா ஒண்ணை விட்டுட்டார். அவங்க சாப்பிடற மாத்திரைகளோட இந்த டப்பா முட்டும். ஸ்டென்ட் வெச்சவங்க ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறப்ப, டாக்டருக்குத் தெரியாம எந்த எக்ஸ்ட்ராக்டும் கூடாது. வெங்காயம் சாப்பிடலாமா, கீரை சாப்பிடலாமான்னு பயப்பட வேண்டாம், நான் சொல்றது டப்பாவை. அவங்களோட எல்லாச் சீட்டையும் டப்பாவையும் சேர்த்து அடுத்த செக்கப்புக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. அதுவரைக்கும் பிரிக்காதீங்க.

பென்னாகரம் வாத்தியார்

சிஸ்டர் சொன்னது சரி, அதை நான் விட்டிருக்கக் கூடாது. அதுவும் 'சிட்ரஸ்' என்று எழுதியிருக்கும்போது. 1989இல் கனடாவில் ஃபெலோடிபின் என்ற பி.பி. மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். சாராய வாசனை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மாத்திரையின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. சாராயத்தால் இல்லை, சாற்றால். முதலில் பழி விழுந்தது அந்தப் பழத்தின் கசப்பான ஃப்ளேவனாய்டு நரிஞ்சின் மேல். பிறகுதான் கூடவே இருந்த ஃப்யூரானோகூமரின் என்ற வேறு சரக்கு முக்கியக் குற்றவாளி என்று தெரிந்தது. நம்ம ஊர் பம்பளிமாசிலும் அது உண்டு. சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளையும் அது அப்படியே ஏற்றிவிடும். டப்பாவில் இருக்கும் சிட்ரஸ் எந்தப் பழத்தின் சிட்ரஸ் என்று உங்கள் மைத்துனரிடம் கேளுங்கள். தெரிந்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

போர் தண்ணீரில் டீ போடுவதையும் கவனியுங்கள். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைப்பது, டீயிலேயே அது இருக்கும். போர் தண்ணீர் அதோடு சேர்ந்தால் இரட்டைக் கணக்கு. ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக இருந்தால் அதை முதலில் குடிக்கவும் டீக்கும் உலைக்கும் வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுவதைப் போருக்குத் தள்ளுங்கள்.

அரூர் கம்பங்கூழ்

நடுவுல ஒரு கேள்வி. என் மனைவிக்கு தைராய்டு, கம்பு சாப்பிடக் கூடாதுன்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க. இதுவும் ஃப்ளேவனாய்டாலன்னு சொல்றாங்களே, உண்மையா?

பென்னாகரம் வாத்தியார்

பாதி உண்மை. சூடானின் டார்ஃபூர் பகுதியில் கழுத்துக் கழலை அதிகம், அங்கே கம்புதான் முக்கிய உணவு. 1980களின் கடைசியில் கம்பிலிருக்கும் வைட்டெக்சின் வகை ஃப்ளேவனாய்டுகள் தைராய்டு நொதியை மட்டுப்படுத்துவதை ஆய்வகத்திலும் எலிகளிலும் காட்டினார்கள். ஃப்ளேவனாய்டு என்றாலே நன்மை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் உதாரணம் இதுதான். ஆனால் அங்கே மூன்று வேளையும் கம்பு, அயோடினும் பற்றாக்குறை. நம் வீட்டில் அயோடின் உப்பு போடுகிறோம், கம்பங்கூழ் வாரத்தில் இரண்டு மூன்று நாள். மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொண்டு கூழும் குடிக்கட்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும், அதில் பலர் தவறுகிறார்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான்.

தக்காளிக்காரி (பாலக்கோடு பக்கம்)

ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது. நடந்ததைச் சொல்லிடறேன், நீங்க இவ்வளவு எழுதினதுக்கு நான் சொல்லாம விட்டா நல்லா இருக்காது.

அவர் வந்ததும் அத்தையே ஆரம்பிச்சாங்க. 'ஏண்டா, இது எந்தப் பழத்து எலுமிச்சை?'ன்னு கேட்டாங்க. அவர் முழிச்சார். 'இந்த ஒரு மாத்திரையில ரெண்டு கிலோ வெங்காயம் இருக்காமே, இப்போ வெங்காயம் கிலோ என்ன விலை?'ன்னு அடுத்தது. கொஞ்சம் பாவமாத்தான் இருந்தது. அவர் கோவிச்சுக்கல. கடைசியில எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னார், மாசம் 12 டப்பா விக்கணும், இல்லன்னா சேரும்போது கட்டின 18,000 போயிடும்னு. பிரிக்காத டப்பாவை எடுத்துக்கிட்டார். களி சாப்பிட்டுட்டுப் போங்கன்னு உக்கார வெச்சேன். கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு. நல்லா சாப்பிட்டார். டீ வேணுமான்னு நான் கேக்கல, அத்தையும் கேக்கல. அவரும் டீக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கிளம்பிட்டார்.

பொண்ணைத் திங்கக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சிஸ்டர் நீங்க கேக்கச் சொன்னதைக் கேட்டேன். ஏழு, எட்டு நாள் போகுதாம், எட்டு மாசமா. என்கிட்ட சொல்லவே இல்ல. டாக்டர் மாத்திரை கொடுத்து, அடுத்த மாசம் ஸ்கேன் பார்க்கலாம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. டீ நேரத்தை மாத்தியாச்சு, அஞ்சரைக்கு டீ, ஏழுக்கு களி. முதல் ரெண்டு நாள் முறைச்சிட்டே குடிச்சா.

ராகியை முளைகட்டி அரைச்சேன். அந்த மாவுல களி கிண்டினா கெட்டியா வரல சிஸ்டர், கரண்டியில கூழா வழியுது. அத்தை தட்டைப் பார்த்துட்டு, 'இது களியா, கரைச்சலா?'ன்னு கேட்டாங்க. முளைகட்டின மாவும் சாதா மாவும் எந்த அளவுல கலந்தா களி பிடிக்கும்? யாராவது செஞ்சு பார்த்திருந்தா சொல்லுங்க.

கிராம செவிலி

முழுசும் முளைகட்டின மாவுன்னா உருண்டை நிக்காது, முளையில மாவுச்சத்து உடைஞ்சிடும். எங்க வீட்ல மூணு பங்கு சாதா மாவுக்கு ஒரு பங்கு முளை மாவு, அதுவும் துடுப்பை எடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா தூவுவேன். மிச்ச மாவைக் கூழாவே காய்ச்சிக் கொடுங்க. ஸ்கேன் முடிஞ்சதும் என்ன சொன்னாங்கன்னு இங்கயே எழுதுங்க.